பொதுப்பணியும் அதன் கூலியும்

 

   

பெற்றோர் பலர் அண்மைக் காலமாக எம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்றை இன்றைய உரைக்கு எடுத்துக்கொள்கிறோம். உயர்தரம் முடித்த, அல்லது பட்டம் பெற்றுவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைக்கு ஓர் அரச சார்பற்ற நிறுவனத்தில் இடம் கிடைக்கிறது. மனித உரிமை, சமாதானம், பெண்கள் நலன், சுற்றாடல், அனர்த்த நிவாரணம் என்று ஏதோவொரு துறை. சம்பளம் ஓர் ஆசிரியரின் சம்பளத்தைவிடக் கூடுதலாக இருக்கிறது. மோட்டார் சைக்கிளும் தருகிறார்கள். வாப்பாவின் உள்ளம் குளிர்கிறது. ஆனால் பள்ளிவாசல் முன்றலில் ஒருவர், ஏழைகளைக் காட்டிப் பிழைக்கின்ற தொழிலல்லவா அது என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிடுகிறார். அன்றிரவு உம்மாவுக்கு உறக்கமில்லை. பிள்ளை கொண்டுவரும் காசு ஹலாலா, ஹராமா?

ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் விடை சொல்லிவிட முடியாத கேள்வி இது. நீங்கள் பொறுமையோடு செவிசாய்த்தால் இன்ஷா அல்லாஹ் சேர்ந்தே விடை தேடுவோம்.

முன்னொரு காலத்தில் ஊருக்காகப் பேசியவருக்கு வேறொரு தொழில் இருந்தது. அவர் கமக்காரராக இருந்தார், கடை வைத்திருந்தார், பாடசாலையில் படிப்பித்தார். வயிற்றுப்பாட்டை அங்கே பார்த்துக்கொண்டு, அஸருக்குப் பிறகு ஊரின் வழக்கை, ஊரின் வாய்க்காலை, ஊரின் மையித்தைப் பார்த்தார். இன்றோ ஊருக்காகப் பேசுவதே ஒரு தொழிலாகியுள்ளது. அதற்குப் பதவிப் பெயருண்டு, சம்பள அளவுத்திட்டமுண்டு, பதவி உயர்வுண்டு, பல்கலைக்கழகத்தில் பாடநெறியும் உண்டு. அவருக்குப் பின்னால் ஒரு வரிசையே நிற்கிறது: நிதி வழங்கும் வெளிநாட்டு முகவரகம், கொழும்பிலுள்ள தலைமை அலுவலகம், மாவட்டத்திலுள்ள பங்காளி அமைப்பு, முன்மொழிவு எழுதிக்கொடுக்கும் ஆலோசகர், அறிக்கை அச்சிடும் அச்சகத்தார், செயலமர்வுக்கு மண்டபமும் மதிய உணவும் கொடுக்கும் ஹோட்டல்காரர். இத்தனை பேருக்குப் பிழைப்பளிக்கும் ஒன்றைக் கைத்தொழில் என்றுதான் சொல்லவேண்டும்.

இது எவ்வாறு ஏற்பட்டது என்பதற்கு எமது நாட்டிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 1958 ஆம் ஆண்டு கொழும்பு நாலந்தாக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த ஏ.ரி. ஆரியரத்ன அவர்கள் தம் மாணவர்களை அழைத்துக்கொண்டு கனத்தொலுவ என்னும் கிராமத்துக்குச் சென்றார்கள். சமூகத்தால் ஒதுக்கப்பட்டிருந்த மக்களின் கிராமம் அது. நகரத்துப் பிள்ளைகள் அங்கே தங்கி, மண்வெட்டி பிடித்து, அம்மக்களோடு உண்டு உழைத்தார்கள். சிரமதானம் என்று நாமும் இன்று எடுத்தாளுகின்ற சொல் நாடெங்கும் பரவக் காரணமான சர்வோதய இயக்கம் இப்படித்தான் தொடங்கியது. எவருக்கும் எவரும் சம்பளம் கொடுக்கவில்லை. உழைப்பையே தானமாகக் கொடுத்தார்கள்.

இயக்கம் ஆயிரக்கணக்கான கிராமங்களுக்கு விரிந்தது. பெரிய வேலைக்குப் பெரிய பணம் வேண்டியிருந்தது; அதை நெதர்லாந்து, நோர்வே, கனடா, பிரித்தானியா முதலிய நாடுகளின் உதவி அமைப்புகள் கொடுத்தன. 1980களின் நடுப்பகுதியில் அந்த நன்கொடையாளர்கள் ஒரு கூட்டணியாக ஒன்றுசேர்ந்தார்கள். அதன்பின் கேள்விகள் மாறின. எத்தனை கிராமம், எத்தனை கடன், எத்தனை விழுக்காடு, எந்தக் காலாண்டில் என்று கேட்கலானார்கள். கிராமத்தவரின் உள்ளத்தில் எழுந்த விழிப்பை எந்தப் படிவத்தில் எழுதுவது? கிராமத்துக்குப் போகவேண்டியவர்கள் அறிக்கை எழுத அமர்ந்தார்கள். 1990களின் முற்பகுதியில் கருத்து வேறுபாடு முற்றி, நிதி வெட்டப்பட்டு, சம்பளத்தில் இருந்த பணியாளர்கள் பெருந்தொகையாக விலக நேர்ந்தது. சர்வோதயம் அழிந்துவிடவில்லை, இன்றும் பணி செய்கிறது. 2024 இல் ஆரியரத்ன அவர்கள் காலமானபோது எல்லா இனத்தவரும் துக்கம் கொண்டாடினர். இருந்தாலும், தானமாகத் தொடங்கிய உழைப்பு சம்பளமாக மாறி, சம்பளம் தந்தவர் கையை எடுத்ததும் தடுமாறிய அவ்வரலாறு எமக்கு ஒரு பாடமாகும்.

இனி மார்க்கத்தின் பக்கம் திரும்புவோம். பொதுப்பணிக்குக் கூலி வாங்குவது கூடாது என்று இஸ்லாம் சொல்கிறதா? இல்லை. ஸகாத்தைப் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரை அத்தவ்பா அத்தியாயத்தின் 60 ஆவது வசனம் வகைப்படுத்தும்போது, ஏழைகள், வறியவர்களுக்கு அடுத்தபடியாக, அந்த ஸகாத்தைச் சேகரித்து நிர்வகிக்கும் ஊழியர்களைக் குறிப்பிடுகிறது. ஏழைக்குரிய நிதியிலேயே ஊழியருக்கும் ஒரு பங்கை அல்லாஹ் வைத்துள்ளான். பள்ளிவாசல் முன்றலில் பேசுகின்ற சகோதரர் இதை நினைவிற் கொள்ளவேண்டும்.

உமர் (ரழி) அவர்களுடைய ஆட்சிக்காலத்தில் ஒரு நபித்தோழர் தமது அரச பணிக்கு ஊதியம் பெற மறுத்தார். எனக்குக் குதிரைகளும் அடிமைகளும் உண்டு, நான் வசதியாக இருக்கிறேன், என் உழைப்பு முஸ்லிம்களுக்குத் தர்மமாக இருக்கட்டும் என்றார். உமர் (ரழி) அதனை ஏற்கவில்லை. நானும் ஒருகாலத்தில் அவ்வாறே எண்ணினேன். நபி (ஸல்) அவர்கள் எனக்குக் கொடுத்தபோது என்னிலும் தேவையுடையவருக்குக் கொடுங்கள் என்றேன். அதற்கு அன்னார், கேளாமலும் பேராசை கொள்ளாமலும் வருவதை வாங்கிக்கொள்ளுமாறும், விரும்பினால் பின்னர் தர்மம் செய்யுமாறும் கூறினார்கள் என்று விளக்கினார்கள். இந்தச் செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது.

அபூபக்ர் (ரழி) அவர்களின் வரலாறு அனைவரும் அறிந்ததே. துணி வியாபாரியான அவர்கள் கலீபாவாகத் தெரிவான பிறகும் துணிகளைத் தோளிற் சுமந்து சந்தைக்குப் புறப்பட்டார்கள். ஆட்சிப் பொறுப்பும் அங்காடியும் ஒருசேர நடவா என்று தோழர்கள் தடுத்து, பைத்துல்மாலிலிருந்து குடும்பச் செலவுக்கு ஒரு தொகையை நிர்ணயித்தார்கள். நடுத்தரமான ஒரு குடும்பத்துக்குப் போதுமான அளவுதான் அது. முழு நேரத்தையும் பொதுக்காரியம் எடுத்துக்கொள்ளும்போது, அதைச் செய்பவரின் அடுப்பு எரிவதற்கு ஊர் பொறுப்பு. இந்த விதி அன்றைக்கே வகுக்கப்பட்டுவிட்டது. செல்வந்தர் மாத்திரமே பொதுப்பணி செய்யலாம் என்றிருந்தால் ஏழையின் மகனால் ஏழைக்காக வாய் திறக்க முடியாது போயிருக்கும் என்பதையும் நாம் சிந்திக்கவேண்டும்.

ஆகவே பெற்றோர்களே, உங்கள் பிள்ளையின் சம்பளம் சம்பளம் என்ற காரணத்தால் குற்றமுடையதாகிவிடாது. குற்றம் எங்கே நுழைகிறது என்பதை இன்னொரு ஹதீஸ் காட்டுகிறது.

பனூ ஸுலைம் கோத்திரத்தாரிடம் ஸகாத் சேகரிப்பதற்காக இப்னுல் லுத்பிய்யா என்பவரை நபி (ஸல்) அவர்கள் அனுப்பிவைத்தார்கள். திரும்பிவந்தவர் பொருட்களை இரு குவியலாகப் பிரித்தார். இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்றார். நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி, இவர் தம் தந்தையின் வீட்டிலோ தாயின் வீட்டிலோ உட்கார்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு இவரைத் தேடி வந்திருக்குமா என்று மக்கள் கேட்க வினவினார்கள். அவருக்கு உரிய ஊதியத்தைப் பற்றி அன்னார் ஒன்றும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். ஏழைகளின் பெயரால் சென்ற இடத்தில் தமக்கென ஒரு குவியல் சேர்ந்ததே அங்கு பேச்சுப்பொருள்.

இந்த இரண்டாவது குவியல் எமது காலத்தில் எந்தெந்த உருவத்தில் வருகிறது? அதைக் கண்ணாரக் கண்ட தலைமுறை எமது தலைமுறை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. இலங்கையில் 30,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கடல் கொண்டுபோனது. மிகக் கூடுதலான இழப்பு அம்பாறை மாவட்டத்தில். கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, மருதமுனை, காரைதீவு என்று கரையோரத்தின் பெயர்களையெல்லாம் அன்று உலகம் அறிந்தது. அந்த முதல் இரண்டு மூன்று நாட்களில் ஜனாஸாக்களை இடிபாடுகளுக்கிடையே தேடி எடுத்தவர்கள் யார்? பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டவர்கள் யார்? கிடாரத்தில் கஞ்சியும் சோறும் ஆக்கியவர்கள் யார்? அக்கம்பக்கத்து ஊரார்தான். உள்ளூரில் கடல் வராத வீதிகளிலிருந்து வந்தவர்கள்தான். தமிழ்ச் சகோதரர் முஸ்லிமையும், முஸ்லிம் சகோதரர் தமிழரையும் தூக்கிச் சுமந்தார்கள். அவர்களுக்கு அடையாள அட்டை இல்லை, மேலங்கி இல்லை, நாட்கூலியும் இல்லை. இது எமது ஊர்ப்பெருமைக்காகச் சொல்லப்படும் வார்த்தையன்று. நன்கொடை நாடுகளும் உதவி நிறுவனங்களும் கூட்டாக அமைத்த சுனாமி மதிப்பீட்டுக் கூட்டணி 2006 இல் வெளியிட்ட அறிக்கையும் இதையே ஒப்புக்கொண்டது: பாதிக்கப்பட்ட நாடுகளில் முதல் நாட்களில் உயிர்களைக் காத்தவர்கள் பெரும்பாலும் உள்ளூர் மக்களே என்றும், பின்னர் வந்த நிறுவனங்கள் அந்த உள்ளூர் ஆற்றலைப் பல இடங்களில் ஓரந்தள்ளிவிட்டன என்றும் அவ்வறிக்கை எழுதியது.

பின்னர் வாகனங்கள் வந்தன. வந்தவர்களில் உண்மையாகவே கண்ணீர் சிந்தியவர்கள் பலர். அவர்கள் கட்டிக்கொடுத்த வீடுகளில் இன்றும் எமது மக்கள் குடியிருக்கிறார்கள். அந்த நன்றியை மறந்தவர்கள் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தாதவர்கள். ஆனால் சந்தைக்குரிய குணங்களும் கூடவே வந்தன. ஒரே முகாமுக்கு ஒரே நாளில் மூன்று நிறுவனங்கள் கணக்கெடுக்க வந்தன. சிறு படகுகள் தேவைக்கு மேல் கொடுக்கப்பட்டன; அவற்றிற் பல கடலுக்கு உதவாதவை என மீன்பிடித்துறை அறிந்தோர் அப்போதே எழுதினர். கடற்றொழில் செய்யாதவனுக்கும் படகு கிடைத்தது, ஏனென்றால் படகு படத்துக்கு அழகாயிருந்தது. உள்ளூர்ச் சங்கங்களில் ஊதியமின்றி ஓடித்திரிந்த இளைஞர்கள் நல்ல சம்பளத்துக்கு எடுக்கப்பட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டோம். வீட்டில் தங்கை இருந்தாள், கடன் இருந்தது. ஆனால் அவர்கள் எழுந்துசென்ற கதிரைகள் வெறுமையாகவே கிடந்தன. சொந்த வளவைத் துப்புரவு செய்வதற்கும் நாட்கூலி கிடைக்கும் என்ற பழக்கம் வந்த பிறகு, சிரமதானத்துக்கு வாருங்கள் என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அழைத்தால், எந்த நிறுவனம் காசு தருகிறது என்று கேட்கும் நிலை தோன்றிற்று. இதைச் சிரிப்பாகச் சொல்வார்கள். எமக்குச் சிரிப்பு வரவில்லை.

இளைஞர்களே, இந்தத் தொழிலின் உள்ளே நீங்கள் நுழைந்தால் முதலில் சந்திக்கப்போகும் சோதனை பணமல்ல, கணக்கு. மாத முடிவில் நீங்கள் ஒரு கணக்கு ஒப்படைக்க வேண்டியிருக்கும். அது மேலே போகும். மாவட்டத்திலிருந்து கொழும்புக்கு, கொழும்பிலிருந்து கடல் கடந்து. அதில் வருகைப் பதிவேடு இருக்கும், பற்றுச்சீட்டு இருக்கும், நிழற்படம் இருக்கும். யாருடைய துன்பத்துக்காக அந்தப் பணம் வந்ததோ அந்த விதவைத் தாய்க்கு அந்தக் கணக்கின் ஒரு பக்கம்கூடக் காட்டப்பட மாட்டாது. அவளுடைய பெயரால் எவ்வளவு வந்தது, எவ்வளவு வாடகைக்குப் போனது, எவ்வளவு அவளை அடைந்தது என்பது அவளுக்குத் தெரியாது. அவள் கேட்கவும் துணிய மாட்டாள். தலைமை அலுவலகம் கோபித்தால் வேலை போகும் என்று அஞ்சுகின்ற நாம், அவள் கோபித்தால் என்ன போகும் என்று நினைக்கிறோம்? மெல்ல மெல்ல, மேலே உள்ளவர் விரும்புவதைக் கீழே உள்ளவரின் தேவை என்று எழுதக் கற்றுக்கொள்கிறோம். இவ்வருடம் சமாதானத்துக்கு நிதி வந்தால் ஊரில் சமாதானப் பிரச்சினை, அடுத்த வருடம் காலநிலைக்கு வந்தால் காலநிலைப் பிரச்சினை. ஊரின் கிணறு மாத்திரம் உவர்த்தபடியே இருக்கும்.

அதிலும் ஆபத்தான ஒரு கட்டமுண்டு. துன்பம் முதலீடாகிவிட்டால் அது தீர்ந்துபோவதை உள்ளம் விரும்பாது. காயம் ஆறிவிட்டால் மருந்துக் கடைக்கு வியாபாரமில்லை. இதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளவும் மாட்டார்கள். ஆனால் திட்டத்தை இன்னும் இரண்டு வருடம் நீடிக்க வேண்டுமென்று எழுதும்போது, அகதி முகாமின் படத்தில் அழுகின்ற குழந்தையைத் தேடித் தெரிவுசெய்யும்போது, அந்த விருப்பம் வெளிப்பட்டுவிடுகிறது.

இதுவரை கேட்டுவிட்டு, இவையெல்லாம் வெள்ளைக்காரனின் நிறுவனங்களுக்குத்தான் என்று ஆறுதலடைந்துவிடாதீர்கள். எமது வீட்டையும் கொஞ்சம் பார்ப்போம். ரமழான் மாதத்தில் உலர் உணவுப் பொதி பகிர்கிறோம். பொதியின் ஒரு முனையை நிர்வாகத்தலைவர் பிடித்திருப்பார், மறுமுனையை ஒரு மூதாட்டி பிடித்திருப்பார், பின்னால் பதாகை தொங்கும். ஐந்தாறு பேர் படத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அந்த மூதாட்டி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருடைய பேரப்பிள்ளை அடுத்த நாள் பாடசாலைக்குச் செல்லவேண்டும். அப்படம் எல்லோருடைய கைத்தொலைபேசியிலும் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருக்கும். கொடுத்ததைச் சொல்லிக்காட்டியும் மனத்தைப் புண்படுத்தியும் தர்மத்தைப் பாழாக்கவேண்டாம் என்று அல்பகரா அத்தியாயத்தின் 264 ஆவது வசனம் தடுத்திருக்கிறது. வெளிநாட்டுத் தனவந்தர் ஆதாரம் கேட்கிறார், படம் அனுப்பாவிட்டால் அடுத்த வருடம் பணம் வராது என்பது நிர்வாகிகளின் பதில். நியாயம்போற் தோன்றும். ஆதாரத்துக்குப் பற்றுச்சீட்டு போதாதா? கையொப்பம் போதாதா? முகம் எதற்கு? ஒரு தாயின் வெட்கத்தை விற்று வாங்கிய அரிசி, எத்தனை மூடையாயிருந்தாலும், விலை கூடிய அரிசிதான்.

மறுமையில் முதலில் விசாரிக்கப்படுவோரில் ஒருவர் அள்ளிக்கொடுத்த செல்வந்தர் என்றும், கொடையாளி எனப் பெயர் வாங்கவே கொடுத்தாய், அப்பெயர் உலகிலேயே கிடைத்துவிட்டது என்று அவரிடம் கூறப்படும் என்றும் முஸ்லிம் கிரந்தத்தில் வருகின்ற நீண்ட ஹதீஸை நீங்கள் ஜும்ஆக்களில் கேட்டிருப்பீர்கள். அவர் சம்பளம் வாங்காத தொண்டர். இக்லாஸ் கெடுவதற்குச் சம்பளம் அவசியமில்லை, கைதட்டலே போதும்.

மறுபக்கத்தையும் நீதியோடு பேசவேண்டும். பொதுப்பணியில் சம்பளம் வாங்குவோரையெல்லாம் கூலிக்கு மாரடிப்போர் என்று ஏசுவது எமது சமூகத்தில் இலகுவான பழக்கமாகிவிட்டது. 2006 ஆகஸ்டை நினைத்துப்பாருங்கள். மூதூரில் போர் மூண்டு, எமது மக்கள் உடுத்த உடையோடு கந்தளாயை நோக்கி நடந்தார்கள். அந்நாட்களில் மூதூரில் பசிக்கெதிரான பிரெஞ்சு அமைப்பொன்றின் உள்ளூர்ப் பணியாளர் 17 பேர் அலுவலகத்தில் தங்கியிருந்தனர். 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். சுனாமியில் பாதிக்கப்பட்டோருக்குத் தண்ணீரும் சுகாதாரமும் வழங்கவே அவர்கள் அங்கு பணியிலிருந்தார்கள். ஆகஸ்ட் 4 ஆம் திகதி அவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நிறுவனத்தின் சட்டையோடு நிலத்தில் கிடந்தார்கள். அக்கொலைக்காக இதுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. அவர்களும் மாதச் சம்பளம் வாங்கியவர்கள்தாம். அந்தச் சம்பளத்தைக் காட்டி அவர்களின் உயிர்த்தியாகத்தைக் குறைத்துப் பேச யாருக்கு நா எழும்?

இன்னொன்று. 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தைத் திருத்தவேண்டுமென்று பேசிய எமது சகோதரிகளை, வெளிநாட்டுப் பணத்துக்குப் பேசுவோர் என்று ஒதுக்கியவர்கள் உண்டு. அவர்கள் சொன்ன எல்லாவற்றோடும் உடன்படவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. உலமாக்களிடையேயும் சட்ட அறிஞரிடையேயும் அதில் கருத்து வேறுபாடுகள் இருக்கின்றன. ஆனால் காதி நீதிமன்றத்தின் வாசலில் கைக்குழந்தையோடு ஆறுமாதம் அலைந்த ஒரு பெண்ணின் முறைப்பாடு, அதை எடுத்துச்சொன்னவர் சம்பளம் வாங்கினார் என்பதால் பொய்யாகிவிடாது. வாதத்துக்கு வாதத்தால் பதில் சொல்லவேண்டும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு எமது மத்ரஸாக்களையும் தர்ம ஸ்தாபனங்களையும் பார்த்து, எந்த நாட்டுப் பணம், எந்த நோக்கம் என்று விரல்கள் நீண்டபோது எமக்கு எப்படி வலித்தது! அந்த வலியை அறிந்தவர்கள் ஆதாரமின்றி இன்னொருவர் மீது அதே விரலை நீட்டலாமா? சந்தேகங்களில் பெரும்பாலானவற்றைத் தவிர்த்துக்கொள்ளும்படி அல்ஹுஜுராத் அத்தியாயம் கட்டளையிடுவது இத்தகைய இடங்களுக்குத்தான்.

நிதியை நம்பிய பணி எவ்வளவு உறுதியானது என்பதை 2025 ஆம் ஆண்டு உலகுக்குக் காட்டியது. ஜனவரி 20 ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி ஒரு கட்டளையில் கையொப்பமிட்டு வெளிநாட்டு உதவியை இடைநிறுத்தினார். ஜூலை முதலாம் திகதியோடு யூ.எஸ்.எய்ட் என்னும் அந்தப் பெரிய முகவரகமே தனி நிறுவனமாக இயங்குவதை நிறுத்திக்கொண்டது. அது 1961 முதல் இயங்கிவந்தது. கண்டங்கள் தோறும் அலுவலகங்கள் மூடப்பட்டன. களப்பணியாளர்கள் ஒரு மின்னஞ்சலோடு வீடு திரும்பினார்கள். அவர்கள் நேற்றுவரை பேசிவந்த நோயாளிகளும் அகதிகளும் மறுநாளும் அங்கேயேதான் இருந்தார்கள்.

இதற்கு எதிர்ப்புறமாக, எமது சொந்த அனுபவம் ஒன்று. 2020 ஏப்ரலில் கொவிட் நோயால் இறந்தோரை எரிக்கவேண்டுமென வர்த்தமானி வந்தது. டிசம்பரில், பிறந்து இருபதே நாளான ஒரு சிசுவும் எரிக்கப்பட்டது. அப்போது பொரளை மயானத்தின் தகனசாலை வேலியில் யாரோ ஒரு வெள்ளைத் துணித்துண்டைக் கட்டினார்கள். பிறகு இன்னொருவர், பிறகு நூற்றுக்கணக்கானோர். முஸ்லிம்கள் மட்டுமல்ல, சிங்களவரும் தமிழரும், பௌத்தரும் கிறிஸ்தவரும் வந்து கட்டினார்கள். இரவோடிரவாக அவற்றை அகற்றினால் ஊர் ஊராக வீட்டு வாசல்களில் கட்டினார்கள். எந்த முன்மொழிவிலும் அது எழுதப்பட்டிருக்கவில்லை. 2021 பெப்ரவரி 25 இல் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. மார்ச் மாதத்திலிருந்து ஓட்டமாவடி, மஜ்மா நகரில் ஒரு வருட காலமாக 3,000க்கும் மேற்பட்ட உடல்கள் அடக்கப்பட்டன. பிற மதத்தவரின் உடல்களும் அவற்றுள் அடங்கும். அம்மண்ணைக் கொடுத்தவர்கள் வசதியுள்ளவர்களல்லர். வெயிலிலும் மழையிலும் குழி வெட்டிய கைகள் அந்தப் பகுதி இளைஞர்களின் கைகள். யாருக்கும் யாரும் படிவம் நிரப்பவில்லை.

எனவே சம்பளத்தோடு செல்லும் உங்கள் பிள்ளைக்கு நாம் என்ன சொல்வது? அல்குர்ஆன் இரண்டு மனிதர்களை எமக்குக் காட்டுகிறது.

ஒருவர் மூஸா (அலை) அவர்கள். மத்யன் நகரின் நீர்த்துறையில், ஆடவரின் நெரிசலுக்கு ஒதுங்கித் தம் ஆடுகளைத் தடுத்துக்கொண்டு நின்ற இரு பெண்களைக் கண்டார்கள். காரணத்தைக் கேட்டார்கள், நீர் இறைத்துக் கொடுத்தார்கள், ஒரு சொல்லும் பேசாமல் நிழலில் போய் அமர்ந்தார்கள். தம் பசியை அல்லாஹ்விடம் மட்டுமே முறையிட்டார்கள். பிறகுதான், நீர் இறைத்ததற்குக் கூலி தர என் தந்தை அழைக்கிறார் என்று அப்பெண்களில் ஒருவர் நாணத்தோடு வந்து சொன்னார். மூஸா (அலை) மறுக்கவில்லை, எழுந்து சென்றார்கள். பின்னர் அவ்வீட்டிலேயே ஒப்பந்தத்தின்பேரில் பல ஆண்டுகள் வேலையும் செய்தார்கள். வேலைக்கு அமர்த்த உகந்தவர் வலிமையும் நம்பிக்கையும் உள்ளவரே என்ற அப்பெண்ணின் பரிந்துரையை அல்லாஹ் எமக்காகப் பாதுகாத்து வைத்திருக்கிறான். தண்ணீர் முதலில், கூலி பிறகு. அந்த வரிசை மாறினால் ஆடுகள் தாகத்தோடு நிற்கும்.

மற்றவர் துல்கர்னைன். யஃஜூஜ், மஃஜூஜ் கூட்டத்தாரின் கொடுமைக்கு ஆளான மக்கள், உமக்கு வரி தருகிறோம், எமக்கும் அவர்களுக்குமிடையே ஒரு தடுப்பைக் கட்டித்தாரும் என்று வேண்டினர். பணம் தேவையில்லை, என் இறைவன் எனக்கு அளித்திருப்பதே மேலானது என்றார் அவர். ஆனால் அவர்களை உட்காரவைத்துவிட்டு அவரே கட்டிக்கொடுக்கவும் இல்லை. உங்கள் உடல் வலிமையால் எனக்கு உதவுங்கள் என்று கேட்டார். இரும்புப் பாளங்களை அவர்களே கொண்டுவந்தார்கள், நெருப்பை அவர்களே ஊதினார்கள். அவர் போன பிறகும் அந்தச் சுவர் அவர்களுடைய சுவராக நின்றது. ஒரு செயற்றிட்டம் முடிந்து பெயர்ப்பலகை கழற்றப்பட்ட பிறகு அந்த ஊரில் என்ன நிற்கிறது என்று கேட்டுப் பார்க்க இதைவிடச் சிறந்த அளவுகோல் எமக்குத் தெரியாது.

வாலிபச் சகோதரர்களே, சகோதரிகளே! வேலை கிடைத்தால் செல்லுங்கள். முதல் மாதத்திலேயே, நீங்கள் பணிசெய்யும் கிராமத்தில் ஒரு மாலை வேளையில் மக்களைக் கூட்டி, வந்த பணம் இவ்வளவு, செலவு இவ்வளவு, எனது சம்பளம் இவ்வளவு என்று உங்களால் சொல்ல முடியுமா என்று பாருங்கள். சொல்வதற்கு நிறுவனம் தடையென்றால் அந்த நிறுவனத்தைப் பற்றி நீங்கள் அறியவேண்டியதை அறிந்துகொண்டீர்கள். சொல்வதற்கு உங்கள் உள்ளமே கூசினால், அதுவும் ஓர் அறிவிப்புத்தான். பெற்றோர்களே, பிள்ளையிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்ட அதே வாயால், இந்த மாதம் யாருடைய வேலை முடிந்தது என்றும் கேளுங்கள். பள்ளிவாசல் நிர்வாகிகளே, வெள்ளிக்கிழமை வசூலின் கணக்கைக் கதவில் ஒட்டுங்கள்; முதலாளிமாருக்கு மட்டுமல்ல, வாசலில் கையேந்தி நிற்பவருக்கும் அதை வாசித்துக் காட்டுங்கள். அவருடைய கணக்கு அது.

அபூபக்ர் (ரழி) அவர்கள் மரணப் படுக்கையில் இருந்தபோது, நான் கலீபாவான நாளிலிருந்து என் உடைமையில் கூடியிருப்பவை எவையென்று பார்த்து, அவற்றை எனக்குப் பின் வருபவரிடம் ஒப்படைத்துவிடுங்கள் என்று குடும்பத்தாருக்குக் கட்டளையிட்டார்கள். தேடிப் பார்த்தார்கள். பிள்ளைகளைத் தூக்கித் திரிந்த ஒரு பணியாளும், தோட்டத்துக்கு நீர் சுமந்த ஓர் ஒட்டகமும் இருந்தன. அவை உமர் (ரழி) அவர்களிடம் அனுப்பப்பட்டன. உமர் (ரழி) அவற்றைக் கண்டு அழுதார்கள். தமக்குப் பின் வருவோரைப் பெருஞ்சிரமத்தில் ஆழ்த்திவிட்டாரே என்று சொல்லி அழுதார்கள்.